பஞ்சு மிட்டாய்: யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மிட்டாயின் வரலாறு

ஸ்வீடன் நாட்டில் அதிகமாக விற்கும் கார் எது? வால்வோ என்று சொன்னால் தப்பு. அந்த நாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் பதில், ‘ஆல்கிரென்ஸ் பீலார்’. ‘பீலார்’ என்றால் கார்கள். ஆனால் இந்தக் காரை யாரும் ஓட்டுவதில்லை, வாயில் போட்டு மெல்லுவார்கள். வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு என்று மூன்று நிறங்களில், கட்டைவிரல் நுனி அளவுக்கு வரும் நுரை மிட்டாய் அது. 1953-ல் யேவ்லெ என்ற ஊரில் இருந்த ஆல்கிரென் தொழிற்சாலையில் மார்ஷ்மெல்லோ செய்யப் பார்த்தார்கள், அது சரியாக வரவில்லை. வந்த உருப்படியோ பழைய புகாட்டி கார் மாதிரி இருந்தது. அப்படியே கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘ஸ்வீடனில் அதிகம் வாங்கப்படும் கார்’ என்பதே அதன் விளம்பர வாசகம்.

ஒரு நாடே ஒரு மிட்டாயைத் தன்னுடையது என்று கொண்டாடுவதைப் படித்தபோது, நம் பக்கம் இப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, தூத்துக்குடி மக்ரூன் என்று வரிசையாக நினைவுக்கு வரும். இவை எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஊர்ப்பெயரே இல்லாமல் எல்லா ஊர்த் திருவிழாவிலும் இருக்கிற மிட்டாய் ஒன்று உண்டு. அதுதான் பஞ்சு மிட்டாய்.

நுரை மிட்டாய்க்கும் பஞ்சு மிட்டாய்க்கும் உறவும் இருக்கிறது. இரண்டுமே சர்க்கரைக்குள் காற்றை அடைத்து விற்கிற வித்தைதான். ஸ்வீடன்காரர்கள் பஞ்சு மிட்டாயை ‘சொக்கெர்வாத்’ என்கிறார்கள். அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம் சர்க்கரைப் பஞ்சு! இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே பொருள்தான் தோன்றியிருக்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அந்தக் காருக்கு ஒரு கம்பெனி இருக்கிறது. நம் பஞ்சு மிட்டாய்க்கு உரிமையாளர் என்று யாருமே கிடையாது. அதனால் என்ன ஆகும் என்பது 2024 பிப்ரவரியில் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் இந்த மிட்டாய் எங்கெங்கிருந்து வந்து சேர்ந்தது என்று பார்த்துவிடுவோம்.

பெயரில் என்ன இருக்கிறது

ஒரே பொருள்தான், பார்க்கிறவர் கண்ணுக்கு ஏற்றபடி பெயர் மாறுகிறது. தமிழில் பஞ்சு மிட்டாய், இலங்கைத் தமிழர்களிடம் தும்பு முட்டாசு. இந்தியில் ‘புடியா கே பால்’, அதாவது கிழவியின் தலைமுடி. பிரெஞ்சில் ‘பார்ப் ஆ பாபா’, அதாவது அப்பாவின் தாடி. எங்கள் மரக்காணம் பக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்த ஊர்க் கடற்கரையில், அப்பாவின் தாடியும் கிழவியின் முடியும் பஞ்சு மிட்டாயும் ஒரே கம்பத்தில் தொங்கின என்று சொல்லலாம் :-)

இங்கிலாந்தில் ‘கேண்டி ஃப்ளாஸ்’, ஆஸ்திரேலியாவில் ‘ஃபேரி ஃப்ளாஸ்’. ஈரானில் ‘பஷ்மக்’ என்று ஒரு இனிப்பு உண்டு, அதன் பொருள் கம்பளி மாதிரி என்பது. சீனாவில் ‘டிராகன் தாடி’. இந்த இரண்டும் கையால் இழுத்து இழுத்து நூலாக்குவது, இயந்திரத்துக்கு முந்தைய கலை. நம்ம ஊர் சோன்பப்டியும் அந்த இழுப்பு வகையைச் சேர்ந்ததுதான்.

பஞ்சு மிட்டாய் மட்டும் முழுக்க முழுக்க இயந்திரத்தின் குழந்தை.

முதல் சரக்கு: வெள்ளைச் சர்க்கரை

கரும்பு நமக்குப் புதிதல்ல. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். ஆனால் கரும்பு என்றால் நமக்கு நெடுங்காலம் வெல்லம்தான். பொங்கலில் வெல்லம், பாயசத்தில் வெல்லம், மருந்தில் பனைவெல்லம்.

வெல்லத்தில் பஞ்சு மிட்டாய் செய்ய முடியாது. வெல்லத்தில் ஈரமும் மற்ற பொருள்களும் கலந்திருக்கும். சூடு பட்டால் கருகும், பிசுபிசுக்கும், நூலாக ஓடாது. தூய வெள்ளைச் சர்க்கரை வேண்டும். அது தொழிற்சாலைப் பொருள்.

இந்தத் தொழிற்சாலைக் கதையில் எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு. 1993-ல் விழுப்புரம், கடலூர் என்று பிரிவதற்கு முன் இரண்டும் ஒரே மாவட்டம். கடலூர் பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே பாரி கம்பெனி சர்க்கரை ஆலை தொடங்கியது. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று அந்தக் கம்பெனி சொல்லிக்கொள்வது இதைத்தான். சென்னையில் பாரிமுனை என்கிறோமே, அந்தப் பெயருக்குக் காரணமான அதே பாரி. கடையெழு வள்ளல் பாரி இல்லை, 1788-ல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரி!

அதே நெல்லிக்குப்பத்தில் 1914-ல் மிட்டாய்த் தொழிலும் ஆரம்பமானது. காபி பைட், லாக்டோ கிங் என்று காகிதம் சுற்றி வந்த பாரீஸ் மிட்டாய்கள் பல தலைமுறைப் பிள்ளைகளின் பைகளில் இருந்தவை. 2004-ல் அந்த மிட்டாய்க் கம்பெனியைக் கொரியாவின் லோட்டே வாங்கியது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காகிதம் சுற்றிய மிட்டாய்க்கு முகவரி உண்டு. கம்பெனி கைமாறினாலும் எந்த வருடம், யாரிடமிருந்து யாருக்கு என்று எழுத முடிகிறது. பஞ்சு மிட்டாய்க்கு அப்படி ஒரு வரிகூட எழுத முடியாது.

இரண்டாவது சரக்கு: ஒரு பல் டாக்டரின் இயந்திரம்

பஞ்சு மிட்டாய் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து டாக்டர் வில்லியம் மாரிசன் அவர். மிட்டாய் வியாபாரி ஜான் வார்ட்டனோடு சேர்ந்து 1897-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1899-ல் கிடைத்தது. பிற்காலத்தில் ‘காட்டன் கேண்டி’ என்ற பெயரைக் கொடுத்த ஜோசப் லாஸ்கோவும் பல் மருத்துவர்தான். தொழிலுக்கு ஆள் சேர்க்கிறார்களோ என்னவோ!

1904-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் மாரிசனும் வார்ட்டனும் கடை போட்டார்கள். ஒரு பெட்டி 25 சென்ட். கண்காட்சிக்குள் நுழையவே கட்டணம் 50 சென்ட்தான், அதில் பாதி விலை! அப்படியும் 68,655 பெட்டிகள் விற்றன. ஆக, இந்த மிட்டாய் பிறந்ததும் கூட்டத்தில்தான், வளர்ந்ததும் கூட்டத்தில்தான். எந்த நாட்டுக்குப் போனாலும் கண்காட்சி, சர்க்கஸ், திருவிழா என்று ஆள் கூடுகிற இடம் தேடித்தான் போயிற்று.

இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிமையானது. நடுவில் ஒரு கிண்ணம், அதற்குச் சூடு. கிண்ணத்தின் பக்கவாட்டில் பொடிப்பொடியான துளைகள். சர்க்கரை உருகும்போது கிண்ணம் வேகமாகச் சுழல்கிறது. உருகிய பாகு துளை வழியாக வெளியே பீய்ச்சியடிக்கிறது. வெளிக்காற்று பட்ட நொடியில் உறைந்து, தலைமுடியை விட மெல்லிய இழையாகிவிடுகிறது. அதைக் குச்சியில் சுற்றினால் பஞ்சு மிட்டாய்.

பார்க்கத் தலையணை மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரைதான். ஒரு சின்ன டின் கோலாவில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மீதியெல்லாம் காற்று. பத்து ரூபாய்க்கு இவ்வளவு பெரிய பொருளை ஒரு குழந்தையின் கையில் கொடுக்கக்கூடிய மிட்டாய் வேறு எதுவும் கிடையாது. அதன் வெற்றிக்குப் பாதிக் காரணம் இந்தப் பெருந்தோற்றம்தான்.

உப்பும் சர்க்கரையும்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த அறிவியலை விளக்குவது சுலபம். பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போனால் உப்பளங்கள். பாத்தியில் தண்ணீரைத் தேக்கி, வெயிலில் மெல்ல மெல்ல வற்றவிட்டால் உப்பு கட்டம் கட்டமாகப் படிகமாகிறது. அவசரப்படாமல் காத்திருப்பதுதான் உப்பளத்துக்காரர்களின் வேலையே.

பஞ்சு மிட்டாய் இதற்கு நேரெதிர். சர்க்கரைக்குப் படிகமாக நேரமே கொடுக்கக் கூடாது. உருகிய பாகு ஒரு நொடிக்குள் ஆறிவிடுவதால் அதன் மூலக்கூறுகள் வரிசையில் நிற்க முடியாமல் தாறுமாறாக உறைந்துவிடுகின்றன. அதாவது ஒருவகைக் கண்ணாடி. நாம் தின்பது சர்க்கரைக் கண்ணாடி இழை. உப்பில் இதைச் செய்ய முடியுமா என்றால், ம்ஹூம். உப்பு உருக 801 டிகிரி வேண்டும், சர்க்கரைக்கு 186 டிகிரி அளவில் வேலை முடிந்துவிடும்.

இந்தக் கண்ணாடிக்கு எதிரி ஈரக்காற்று. கடற்கரையில் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் சுருங்கி, பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எங்கள் கடற்கரையில் பஞ்சு மிட்டாயைக் குச்சியில் சுற்றியதும் கொடுப்பதைவிட, பிளாஸ்டிக் பையில் அடைத்து, காற்றோடு சேர்த்து முடிந்து, மூங்கில் கம்பத்தில் சரம் சரமாகக் கட்டித் தூக்கி வருவது அதிகம். கூட்டத்துக்கு நடுவே தலைக்கு மேலே ஒரு இளஞ்சிவப்பு மரம் நடந்து வருவது போல இருக்கும். கையில் மணி. குழந்தைகள் அந்த மணிச் சத்தத்தை ஒரு தெரு தள்ளியே பிடித்துவிடுவார்கள்.

அந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது சரக்கு: நம் திருவிழா

சர்க்கரை ஆலை வெள்ளைக்காரருடையது, இயந்திரம் அமெரிக்கருடையது. அப்படியானால் இதில் தமிழருடையது என்ன? திருவிழா!

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வருவார்கள். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார், திண்டிவனம் பெருமாள் என்று விழுப்புரம் மாவட்டத்துச் சாமிகளும் அங்கே போய்க் கடலாடித் திரும்புவார்கள். பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் தேர். மேல்மலையனூரில் அமாவாசைக்கு அமாவாசை ஊஞ்சல், மாசியில் மயானக் கொள்ளை. இந்த இடங்களில் சாமி ஒரு பக்கம் என்றால், கடைத்தெரு இன்னொரு பக்கம். வளையல், பலூன், பொரி கடலை, கரும்புச் சாறு, ராட்டினம், நடுவே பஞ்சு மிட்டாய்.

வீட்டில் யாரும் பஞ்சு மிட்டாய் செய்வதில்லை, பலகாரக் கடையில் கிலோ கணக்கில் வாங்குவதும் இல்லை. சாமிக்குப் படைப்பதில்லை, சம்பந்தி வீட்டுக்குச் சீர்வரிசையில் வைப்பதில்லை. வெளியே போனால்தான் கிடைக்கும், கூட்டம் இருந்தால்தான் கிடைக்கும். வாங்கிக் கொடுப்பவர் அப்பாவோ மாமாவோ தாத்தாவோ, அதாவது கையைப் பிடித்துத் திருவிழாவுக்கு அழைத்துப் போனவர். அதனாலேயே பெரியவர்கள் ஆனபிறகும் அந்த மிட்டாயோடு ஒரு ஆள் நினைவுக்கு வருகிறார்.

மொழிக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. ஜவுளிக்கடையில் ‘பஞ்சு மிட்டாய் கலர்’ என்றால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேறு விளக்கம் தேவையில்லை. திரைப்பாட்டுக்குள் போனது, 2018-ல் ஒரு படத்துக்கே பெயரானது. ஒரு மிட்டாய் ஒரு நிறத்தின் பெயராக மாறுவது சாதாரண விஷயமில்லை. கடலை மிட்டாய்க்கே அந்தப் பெருமை கிடையாது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ஒரு காலத்தில் உள்ளூர்க்காரர்கள் விற்றார்கள். பிறகு புதுச்சேரி, சென்னைக் கடற்கரைகளில் கம்பம் தூக்கி நடந்தவர்களில் பலர் வட மாநிலத்து இளைஞர்களாக ஆனார்கள். நமக்கு அவர்கள் பெயர் தெரியாது. ‘பையா’ என்று கூப்பிட்டுப் பத்து ரூபாய் நீட்டுவோம், அவ்வளவுதான். நம் திருவிழாவின் நிறத்தைச் சுமந்து நடந்தவர்களோடு நமக்கு இருந்த உறவு அந்தப் பத்து ரூபாய் அளவுக்குத்தான்.

நான்காவது சரக்கு: சாயம்

சர்க்கரை இழையின் இயல்பான நிறம் வெள்ளை. இளஞ்சிவப்பு என்பது மேலே போட்டது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ‘பஞ்சு மிட்டாய் கலர்’ என்று சொல்லிச் சொல்லி, நிறம் மிட்டாயின் பிறவிக் குணம் போல ஆகிவிட்டது. வெள்ளையாக இருந்தால் பிள்ளைகள் வாங்கத் தயங்கும் நிலை.

இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு: பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின், டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன். இவற்றையும் எந்த உணவில் சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்று வரம்பு உண்டு. மிட்டாயில் சேர்க்கலாம். ஆகவே இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாயைச் சட்டப்படியே செய்ய வழி இருக்கிறது.

ஆனால் சந்தையில் புழங்கியது வேறொன்று, ரோடமின்-பி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியச் சாயத் தொழிலில் பிறந்த பொருள் அது. துணி, காகிதம், ஊதுபத்தி போன்றவற்றுக்குப் போடும் சாயம். புற ஊதா ஒளியில் பளபளவென்று மின்னும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஆற்றில்கூடக் கரைத்துவிடுவார்கள், அவ்வளவு குறைந்த அளவே கண்ணுக்குத் தெரியும். ஒரு சிட்டிகை போட்டால் மூட்டை சர்க்கரைக்கே நிறம் ஏறும். விலையும் மலிவு. அதுதான் கவர்ச்சி, அதுதான் ஆபத்து.

செய்திகளில் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் என்று ஒரே வரியில் எழுதினார்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். விலங்குகளில் நடந்த சோதனைகளில் கேடு தெரிந்திருக்கிறது. அமெரிக்கா 1988-ல் உதட்டுச் சாயம் போன்ற அழகுப் பொருள்களிலிருந்தே இதை நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்போ, மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்ற மூன்றாம் பிரிவில் இதை வைத்திருக்கிறது. சான்று போதாது என்றால் தின்னலாம் என்று அர்த்தமில்லை. துணிக்குச் செய்த சாயம் குழந்தையின் வயிற்றுக்குள் போக எந்தக் காரணமும் கிடையாது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

2024 பிப்ரவரி

முதலில் புதுச்சேரி. கடற்கரையில் விற்ற பஞ்சு மிட்டாயை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எடுத்துச் சோதித்ததில் ரோடமின்-பி இருந்தது. பிப்ரவரி 9-ஆம் தேதி, அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் விற்பனைக்குத் தடை என்று அறிவித்தார். உணவுப் பாதுகாப்புத் துறையின் சான்று பெற்றவர்கள் விற்கலாம் என்றும் சொல்லப்பட்டது.

அடுத்து தமிழ்நாடு. மெரினாவில் சோதனை, கிண்டி ஆய்வகத்தில் பரிசோதனை, அதே முடிவு. பிப்ரவரி 17-ஆம் தேதி பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார். ரோடமின்-பி கலந்த உணவைத் தயாரிப்பதும், பொட்டலம் கட்டுவதும், விற்பதும், விசேஷங்களில் பரிமாறுவதும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று விளக்கினார்கள்.

அந்த வருடம் மாசி மகம் பிப்ரவரி 24. மகா சிவராத்திரி மார்ச் 8, மறுநாள் மேல்மலையனூர் மயானக் கொள்ளை. பஞ்சு மிட்டாய்க்காரருக்கு வருடத்தின் முக்கியமான வியாபார நாள்கள் தொடங்குகிற நேரத்தில் தடை வந்தது. தடை சரியா தவறா என்பது இருக்கட்டும். கம்பம் தூக்கிய ஆளுக்கு அந்த மாதம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்ச் 11-ஆம் தேதி கர்நாடகமும் நடவடிக்கை எடுத்தது. அங்கே தடை செய்யப்பட்டது நிறம் சேர்த்த பஞ்சு மிட்டாய். நிறம் சேர்க்காத வெள்ளைப் பஞ்சு மிட்டாய்க்குத் தடையில்லை. இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குற்றவாளி சாயம் என்றால் தீர்ப்பில் சாயத்தின் பெயர்தான் முன்னால் வர வேண்டும். நம் ஊரில் அறிக்கையில் ரோடமின்-பி இருந்தாலும், மக்கள் காதில் விழுந்தது ‘பஞ்சு மிட்டாய்க்குத் தடை’ என்ற மூன்று வார்த்தைதான்.

கேட்க ஆள் இருந்தால்

இப்போது ஒரு ஒப்பீடு. 2015 ஜூன் மாதம் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுவதும் தடை வந்தது நினைவிருக்கும். நெஸ்லே மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தன் தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று வாதாடி, ஆகஸ்ட் 13-ல் தடையை ரத்து செய்ய வைத்தது. நவம்பரில் மேகி மறுபடி கடைக்கு வந்துவிட்டது. தடைக்கு ஒரு தொடக்க நாள், ஒரு முடிவு நாள், நடுவில் ஒரு வழக்கு.

பஞ்சு மிட்டாய் விஷயத்தில் ஆய்வு முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை, சாயம் இருந்தது உண்மை. நான் சொல்வது வேறு. சுத்தமாகச் செய்த ஒருவர் இருந்தால்கூட, ‘என்னுடையது வேறு, சோதித்துப் பாருங்கள்’ என்று சொல்ல அவருக்கு ஒரு சங்கம் இல்லை, ஒரு பெயர்ப்பலகை இல்லை, பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு இல்லை. எல்லாப் பையும் ஒரே மாதிரி. ஆகவே ஒருவர் செய்த தப்பு எல்லோருடைய தப்பாயிற்று.

கோவில்பட்டியைப் பாருங்கள். அங்கே கடலை மிட்டாய் தயாரிப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்து, 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு வாங்கினார்கள். இனி யாராவது மட்டமான சரக்கைக் கோவில்பட்டி என்று விற்றால் கேட்க ஆள் உண்டு. பெயர் என்பது பெருமைக்கு மட்டுமில்லை, பொறுப்புக்கும்தான்.

ஸ்வீடன் காருக்கே திரும்புவோம். 2012-ல் அந்த மிட்டாயின் இப்போதைய கம்பெனியான க்ளோயெட்டா, யேவ்லெ தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. உற்பத்தி ஸ்லோவாக்கியா நாட்டுக்குப் போனது. ‘ஸ்வீடனின் கார்’ இன்று ஸ்வீடனில் செய்யப்படுவதில்லை! ஆனாலும் அந்த மிட்டாயில் ஒரு குறை என்றால் யாரிடம் கேட்பது என்று ஒரு ஸ்வீடன் அம்மாவுக்குத் தெரியும். பொட்டலத்திலேயே அச்சடித்திருக்கிறது.

அங்கேயும் இனிப்பின் கதை முழுக்க இனிப்பில்லை. 1940-களில் லுண்ட் நகரத்துப் பக்கம் விபெஹோல்ம் என்ற மனநல விடுதியில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்து, பல் எப்படிச் சொத்தையாகிறது என்று சோதித்தார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. அந்த முடிவுகளை வைத்துத்தான் 1950-களின் பிற்பகுதியில், தினம் மிட்டாய் வேண்டாம், வாரம் ஒரு நாள் போதும் என்ற பிரசாரம் வந்தது. சனிக்கிழமை மிட்டாய் என்று அந்த நாட்டுப் பிள்ளைகள் இன்றும் கொண்டாடும் வழக்கம் அப்படிப் பரவியதுதான். வாயில்லாத சிலரின் பற்களை விலையாகக் கொடுத்து ஒரு நாட்டின் பற்கள் காப்பாற்றப்பட்டன.

மிட்டாயின் வரலாற்றில் எங்கே பார்த்தாலும் விலை கொடுப்பவர் வரிசையில் கடைசியில் நிற்பவர்தான். அங்கே விடுதியில் இருந்தவர்கள். இங்கே ஒரு பக்கம் சாயத்தைத் தின்ற பிள்ளைகள், மறுபக்கம் கம்பத்தைக் கீழே வைக்க நேர்ந்த பையாக்கள். இருவருமே எளிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பத்து ரூபாய் மிட்டாயை வாங்குகிறவரும் விற்கிறவரும் வேறு வேறு வர்க்கம் இல்லை. சாயத்தை மொத்தமாக விற்றவர், ‘இது உணவுக்கு அல்ல’ என்று தெரிந்தே பொட்டலம் கட்டிக் கொடுத்த கடைக்காரர், அவர்கள் பேச்சே செய்தியில் பெரிதாக வரவில்லை.

என்ன செய்யலாம்

தடை போடுவது ஒரு நாள் வேலை. அதைவிட எளிய வழிகளும் இருந்தன, இருக்கின்றன.

ஒன்று, சில்லறை உணவு வியாபாரிகள் பதிவு செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. 2024-ல் அதற்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆனால் தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வெளி மாநிலத்து இளைஞருக்கு, கணினியில் விண்ணப்பம் போடுவது நூறு ரூபாயை விடப் பெரிய செலவு. தேர்த்திருவிழா நடக்கும் ஊரிலேயே, திருவிழாவுக்கு முந்தைய வாரம் ஒரு மேசை போட்டுப் பதிவு செய்து கொடுத்தால் என்ன?

இரண்டு, சாயக் கடையில் சோதனை. கம்பத்தை விரட்டுவதை விட, பொடி எங்கே கிடைக்கிறது என்று பிடிப்பது மேல். ஒரு கடையை அடைத்தால் நூறு கம்பம் சுத்தமாகும்.

மூன்று, நம் கையில் இருப்பது. வெள்ளைப் பஞ்சு மிட்டாயைக் கேட்டு வாங்குவது. சாயம் போனால் சுவையில் ஒரு குறையும் வராது, ஏனென்றால் ரோடமினுக்குச் சுவை என்று ஒன்று நமக்குத் தேவைப்பட்டதே இல்லை. நாம் ஆசைப்பட்டது நிறத்துக்கு. வாங்குகிறவர் கேட்டதைத்தான் விற்கிறவர் சுற்றிக் கொடுத்தார்.

பஞ்சு மிட்டாய் யாருக்கும் சொந்தமில்லை என்று தலைப்பில் எழுதினேன். அதை மாற்றியும் சொல்லலாம். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரைக்கும், நாஷ்வில் பல் டாக்டருக்கும், வடக்கத்தித் தொழிலாளிக்கும், மயிலத்துத் தேருக்கும், அதைப் பார்க்கப் போன குழந்தைக்கும் சொந்தமான மிட்டாய் அது. எல்லோருக்கும் சொந்தமான பொருளைத்தான் நாம் எளிதில் கைவிடுகிறோம். ஏரி, பொறம்போக்கு, கோயில் குளம் எல்லாவற்றுக்கும் நடந்தது இதுதான். மிட்டாய்க்கும் அதுவே நடக்க வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவில் மணிச் சத்தம் கேட்டால், வெள்ளை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.